கடலடி எண்ணெய்க்கு ஒரு திறந்த கணக்குப் புத்தகம்: நார்வேயின் ஃபேக்ட்பேஜஸ் தரவுச் சேவை

கடலுக்கு அடியில் இத்தனை கோடி பீப்பாய் எண்ணெய் இருக்கிறது என்று ஓர் அமைச்சரோ நிறுவனத் தலைவரோ அறிவிக்கும்போது, அந்த எண்ணைச் சரிபார்ப்பதற்கு ஒரு சாதாரண வாசகர் போகக்கூடிய இடங்கள் உலகில் மிகக் குறைவு. அத்தகைய இடங்களில் நான் அதிகம் பயன்படுத்தியதும், மற்றவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்க விரும்புவதும் ஒன்று உண்டு. நார்வே அரசின் கண்டத்திட்டு இயக்ககம் நடத்திவரும் ஃபேக்ட்பேஜஸ் என்ற இணையத் தரவுச் சேவை அது. 1972இல் ஸ்டாவாங்கர் நகரில் பெட்ரோலிய இயக்ககம் என்ற பெயரில் நிறுவப்பட்ட இந்த அமைப்பு, 2024 ஜனவரி முதல் இன்றைய பெயரில் இயங்குகிறது. சேவைக்குக் கட்டணம் இல்லை. பதிவு செய்துகொள்ள வேண்டியதும் இல்லை. கிணறுகள், கண்டுபிடிப்புகள், வயல்கள், உரிமங்கள், நிறுவனங்கள், கடல்மேடைகள், ஒலி அலைகளை அனுப்பி அடியிலுள்ள பாறையை அறியும் நில அதிர்வு ஆய்வுகள் எனப் பிரிக்கப்பட்ட பக்கங்கள் இயக்ககத்தின் உள் தரவுத்தளத்தோடு நாள்தோறும் ஒத்திசைக்கப்படுகின்றன. எந்த அட்டவணையையும் எக்செல் கோப்பாகவோ சிஎஸ்வி கோப்பாகவோ இறக்கிக்கொண்டு, மூலத்தைக் குறிப்பிட்டு, நமக்கு வேண்டியபடி பயன்படுத்தலாம். பக்கங்கள் நார்வேஜிய மொழியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உள்ளன.

இந்தச் சேவையைத் தேடிப் போக எனக்கு ஒரு காரணம் இருந்தது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் எரிவாயுக் கதையைத் தொடர்ந்து வாசித்து வந்தவர்களுக்கு அந்தக் காரணம் புரியும். 2005 ஜூனில் குஜராத் மாநில அரசின் பெட்ரோலிய நிறுவனம் அந்தப் படுகையில் 20 லட்சம் கோடி கன அடி எரிவாயுவைக் கண்டுபிடித்திருப்பதாக அம்மாநில முதலமைச்சரே அறிவித்தார். மேம்பாட்டுத் திட்டம் ஒப்புதல் பெற்ற நாளில் கணக்கில் நின்றது அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதே படுகையில் ரிலையன்ஸ் நிறுவனம் நடத்திய டி6 தொகுதியில் 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியபோது நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டரை எட்டுவது திட்டம். 2010இல் சுமார் 6 கோடியைத் தொட்ட உற்பத்தி அதன்பின் சரிந்துகொண்டே போய், அத்தொகுதியின் டி1, டி3 வயல்களில் 2020 பிப்ரவரியில் நின்றே போனது. பூமிக்கு அடியில் பாறை எதிர்பார்த்தபடி அமையவில்லை என்று நிறுவனம் சொன்னது. ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் கிணறுகள் தோண்டப்படவில்லை என்று அரசு சொன்னது. இரண்டில் எது சரி என்று தீர்மானிக்க, ஒவ்வொரு கிணறும் எங்கே, எவ்வளவு ஆழம், என்ன கிடைத்தது, மாதந்தோறும் எவ்வளவு வந்தது என்ற விவரங்கள் வாசகரின் கைக்கு எட்டியிருக்க வேண்டும். அவை எட்டாத வரையில் எந்தப் பக்கம் பேசுகிறவரையும் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி நம்பவேண்டிய நிலை இல்லாத ஒரு நாடு எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் நார்வேயின் பக்கங்களுக்குள் நுழைந்தேன்.

முதலில் பழகிக்கொள்ள வேண்டியது கிணறுகளின் பெயர். 25/11-1 என்று ஒரு பெயரைப் பார்த்ததும் மிரள வேண்டியதில்லை. நார்வே தன் கடலை ஒரு பாகை அகலமும் ஒரு பாகை நீளமும் கொண்ட கட்டங்களாகவும், ஒவ்வொரு கட்டத்தையும் 12 தொகுதிகளாகவும் பிரித்திருக்கிறது. அந்தப் பெயர் 25ஆம் கட்டத்தின் 11ஆம் தொகுதியில் தோண்டப்பட்ட முதல் ஆய்வுக் கிணற்றைக் குறிக்கிறது. வடக்கே பேரண்ட்ஸ் கடலில் கட்டத்தின் எண்ணே இடத்தைச் சொல்லிவிடும்: 7435 என்றால் 74 பாகை வடக்கு, 35 பாகை கிழக்கு. ஒரு கிணற்றின் பக்கத்தைத் திறந்தால், தோண்டிய கலத்தின் பெயர், தொடங்கிய நாள், முடிந்த நாள், கடலின் ஆழம், மொத்த ஆழம், ஊடுருவிய பாறை அடுக்குகள், சோதனை ஓட்டத்தில் நாளொன்றுக்கு வெளிவந்த எண்ணெயின் அளவு, கிணறு வறண்டதா இல்லையா என்பதெல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக வருகின்றன. பல கிணறுகளுக்கு, பாறையை உருளையாக அறுத்தெடுத்த மாதிரிகளின் புகைப்படங்களும் உண்டு. பெட்டிகளில் அடுக்கிய அந்தக் கல் உருளைகளில் எண்ணெய் ஊறிக் கறுத்த பகுதியையும் வெளிறிய பகுதியையும் பார்த்தபோது, இருப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது என்ற உணர்வு எனக்கு முதன்முறையாக வந்தது. கிணற்றின் விரிவான மூலத் தரவுகள் பொதுவாக இரண்டு ஆண்டுகள் மட்டுமே மறைத்து வைக்கப்படுகின்றன. அதன்பின் போட்டி நிறுவனமும் பல்கலைக்கழக மாணவரும் ஒரே தரவைப் பார்க்கலாம்.

ஒரு வயலில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்ற கணக்கின் எலும்புக்கூடு எளிமையானது. எண்ணெய் தங்கியுள்ள பாறையின் பரப்பை அதன் தடிமனால் பெருக்கி, அந்தப் பாறையில் நுண்துளைகள் எத்தனை விழுக்காடு, அத்துளைகளில் நீர் போக எண்ணெய் எத்தனை விழுக்காடு என்று பெருக்கிக்கொண்டு போய், ஆழத்தின் அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு மேலே வரும்போது பிரிந்துவிடுவதால் எண்ணெய் சுருங்கும் அளவைக் கழித்தால், அடியில் கிடக்கும் மொத்தம் கிடைக்கும். அதில் எவ்வளவை மேலே கொண்டுவர முடியும் என்ற மீட்பு விழுக்காட்டால் மறுபடி பெருக்கினால் கிடைப்பதே மீட்கத்தக்க அளவு. இத்தனை பெருக்கல்களில் ஒவ்வொன்றும் ஊகத்தைச் சுமந்து வருகிறது. இரண்டு, மூன்று கிணறுகளை வைத்துப் பல சதுர கிலோமீட்டர் பாறையைப் பற்றிப் பேசும்போது, ஒவ்வோர் இடத்திலும் சற்று நம்பிக்கையோடு எண்ணைத் தேர்ந்தால் இறுதி விடை இரு மடங்காகிவிடும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் ஒரு தரவுச் சேவை இறுதி விடையை மட்டும் தந்தால் போதாது. அந்த விடை எந்த நிலையில் நிற்கிறது என்பதையும் சேர்த்துத் தரவேண்டும்.

ஃபேக்ட்பேஜஸின் உண்மையான சிறப்பு அங்கேதான் இருக்கிறது. வயல்களின் பக்கங்களில் தொடக்கத்தில் அடியில் இருந்ததாகக் கணக்கிடப்படும் அளவும், மீட்கத்தக்க அளவும், இன்னும் மீந்திருக்கும் அளவும் தனித்தனிக் கட்டங்களில் வருகின்றன. இயக்ககத்தின் வகைப்பாடு 0 முதல் 9 வரை எண்ணிடப்பட்டுள்ளது. ஏற்கெனவே விற்று அனுப்பப்பட்டது 0. உற்பத்தியில் இருப்பது, ஒப்புதல் பெற்றது, உரிமதாரர்கள் எடுப்பதென்று முடிவு செய்துவிட்டது ஆகிய 1, 2, 3 மூன்றுக்கு மட்டுமே இருப்பு என்ற பெயர். 4 முதல் 7 வரை கண்டுபிடிக்கப்பட்டும் முடிவாகாதவை: திட்டமிடப்படுவது, எடுக்கப்படலாம் என்றாலும் தெளிவாகாதது, எடுக்கப்பட வாய்ப்பில்லாதது, இன்னும் மதிப்பிடப்படாதது. 8, 9 இரண்டும் கண்டுபிடிக்கப்படவே இல்லாத, வரைபடத்திலும் புள்ளியியலிலும் மட்டும் இருக்கும் எண்ணெய். அரசியல் மேடைகளில் பேசப்படும் பெரிய எண்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு வகைகளையும் முதல் மூன்று வகைகளையும் ஒரே மூட்டையில் கட்டியவையாக இருப்பதை, இந்த வகைப்பாட்டைப் பழகிய பிறகுதான் என்னால் கண்டுகொள்ள முடிந்தது.

பால்டர் என்ற வயலின் பக்கம் இதற்கு நல்ல பாடம். நார்வேயின் கடற்பகுதியில் முதன்முதலில் எண்ணெய் கண்ட கிணறு மேலே சொன்ன 25/11-1, ஆண்டு 1967. அந்த வயலிலிருந்து உற்பத்தி தொடங்கியதோ 1999இல். இடைப்பட்ட 32 ஆண்டுகளில் எண்ணெய் எங்கும் போய்விடவில்லை. அதை எடுப்பதற்கான தொழில்நுட்பமும் விலையும் முடிவும்தான் வந்து சேர்ந்தன. கண்டுபிடிப்பு நாளையும் உற்பத்தி தொடங்கிய நாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவதால், இருப்பு என்பது பாறையைப் பற்றிய சொல்லாக இருக்கும் அளவுக்கே முடிவுகளைப் பற்றிய சொல்லாகவும் இருப்பது விளங்குகிறது.

எக்கோஃபிஸ்க் வயலை நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்திருக்கிறேன். 1969இல் கண்டுபிடிக்கப்பட்டு 1971இல் உற்பத்தி தொடங்கிய இந்தச் சுண்ணப்பாறை வயலில் அடியில் கிடப்பதில் 17 விழுக்காடு அளவே மேலே வரும் என்று தொடக்கத்தில் எதிர்பார்த்தார்கள். 1987 முதல் கடல்நீரைப் பெரிய அளவில் உட்செலுத்தினார்கள்; எண்ணெய் வெளியேற வெளியேற மென்மையான சுண்ணப்பாறை அமுங்கி, அந்த அமுக்கமே மேலும் எண்ணெயைப் பிழிந்து தள்ளியது. அதன் விலையாகக் கடல்தரை பல மீட்டர் கீழிறங்கியதால் அதே 1987இல் கடல்மேடைகளை 6 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. இன்று எதிர்பார்க்கப்படும் மீட்பு 50 விழுக்காட்டுக்கு மேல். ட்ரோல் வயலின் மேற்குப் பகுதியில் மாபெரும் எரிவாயுப் படிவத்துக்குக் கீழே கிடந்த 12 முதல் 14 மீட்டர் தடிமனுள்ள எண்ணெய் அடுக்கு எடுக்க முடியாத ஒன்றாகக் கருதப்பட்டது; கிடைமட்டமாகத் தோண்டும் முறை வளர்ந்த பின் 1995 முதல் அந்த வயல் நார்வேயின் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்றாகவும் ஆயிற்று. கணக்கு எப்போதும் மேல்நோக்கியே போகும் என்று இதைக்கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. ஜெட்டே என்ற சிறு வயல் 2013இல் உற்பத்தியைத் தொடங்கி, எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே தந்து, 2016 முடிவில் மூடப்பட்டது. அந்தப் பக்கமும் அழிக்கப்படாமல் மற்ற வயல்களோடு அதே வரிசையில் நிற்கிறது. வெற்றிகளுக்கும் தோல்விகளுக்கும் ஒரே அளவு இடம் தரும் இந்த நேர்மைக்காகவே நான் இச்சேவையை மதிக்கிறேன்.

இப்படித் திறந்து வைக்க ஓர் அரசு ஏன் முன்வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். நார்வேச் சட்டப்படி கடலடிப் பெட்ரோலியத்தின் உரிமை அரசுக்கு உரியது. எண்ணெய் நிறுவனங்களின் இலாபத்தின் மீது மொத்தம் 78 விழுக்காடு வரி. ஆய்வுச் செலவும் வரிக் கணக்கில் கழிக்கப்படுவதால் வறண்ட கிணற்றின் செலவிலும் பெரும்பங்கு கடைசியில் பொதுப் பணத்தையே சாரும். தங்கள் பணத்தில் தோண்டிய கிணறு என்ன சொன்னது என்று குடிமக்கள் கேட்பது அங்கே நியாயமான கேள்வி. தரவு பகிரப்படுவதால் ஒரு நிறுவனம் கைவிட்ட இடத்தில் இன்னொரு நிறுவனம் புதிய எண்ணத்தோடு தேடுகிறது என்பது அரசுக்குக் கிடைக்கும் ஆதாயம்.

வேறிடங்களில் எண்கள் வேறு விசைகளுக்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. 1980களில் ஓபெக் நாடுகளுக்கிடையே உற்பத்திப் பங்கீடு பேசப்பட்டபோது, இருப்பு அதிகம் உள்ள நாட்டுக்குப் பங்கும் அதிகம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பின் நடுவே குவைத்தில் தொடங்கிப் பல நாடுகளின் இருப்புக் கணக்குகள் புதிய பெரிய கண்டுபிடிப்புகள் ஏதுமின்றியே திடீரெனப் பெருகின. 2004 ஜனவரியில் ஷெல் நிறுவனம் தன் நிரூபிக்கப்பட்ட இருப்பில் 390 கோடி பீப்பாயை, அதாவது ஐந்தில் ஒரு பங்கை, அந்த வகையிலிருந்து எடுக்க நேர்ந்தது. மார்ச்சில் அதன் தலைவர் பதவி விலகினார். ஒரு பக்கம் நாடுகள், இன்னொரு பக்கம் பங்குச்சந்தை. இரண்டிலும் எண்ணைச் சோதிக்கத் தேவையான கிணற்றுத் தரவு பொதுவெளியில் இருக்கவில்லை.

ஆனால் திறந்த தரவு இருப்பதனால் அரசியல் ஓய்ந்துவிடுவதில்லை. லோஃபோட்டன், வெஸ்டரோலன், சென்யா தீவுகளை ஒட்டிய கடல் வட ஆர்க்டிக் காட் மீன்கள் முட்டையிட வரும் இடம். அங்கே எண்ணெய் தேடலாமா என்ற கேள்வி நார்வேயின் தேர்தல்களில் நீண்ட காலம் பேசப்பட்டது. இயக்ககம் 2007 முதல் 2009 வரை நில அதிர்வு ஆய்வு நடத்தி, 2010இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது: மீட்கத்தக்க அளவு, எரிவாயுவையும் எண்ணெயாக மாற்றிக் கணக்கிடும் எண்ணெய்ச் சமானத்தில், 7.6 கோடி நியமக் கன மீட்டர் (நிலையான வெப்ப, அழுத்த நிலையில் அளந்த கன மீட்டர்) முதல் 37.1 கோடி வரை. எதிர்பார்ப்பு மதிப்பு 20.2 கோடி, அதாவது சுமார் 127 கோடி பீப்பாய். இந்த ஒரே அறிக்கையின் கீழ் எல்லையைப் பார்ப்பவருக்கு மீன்வளத்தை அபாயத்தில் தள்ளும் அளவுக்கு இது பெறுமதியானதல்ல. மேல் எல்லையைப் பார்ப்பவருக்கு விட்டுவிடக் கூடாத செல்வம். 2019இல் தொழிலாளர் கட்சி தன் நிலையை மாற்றிக்கொண்டு அங்கே எண்ணெய்த் தேடலுக்கான தாக்க ஆய்வையே எதிர்த்தபோது, பாறையைப் பற்றிய அறிவில் புதிதாக எதுவும் சேர்ந்திருக்கவில்லை. எல்லைகளோடு வெளியிடப்பட்ட எண் விவாதத்தை முடித்து வைக்கவில்லைதான். என்றாலும் எதைப் பற்றி விவாதிக்கிறோம் என்பதை எல்லோருக்கும் ஒன்றாக வைத்திருந்தது. அதுவே பெரிய உதவி.

பேரண்ட்ஸ் கடலின் கதை இன்னும் கூர்மையானது. ரஷ்யாவுடனான எல்லை ஒப்பந்தம் 2010இல் கையெழுத்தாகி 2011இல் நடைமுறைக்கு வந்தபின், அதன் கிழக்குப் பகுதியைப் பற்றிப் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. கண்டுபிடிக்கப்படாத வளத்தில் பெரும்பகுதி அந்தக் கடலில்தான் என்று இயக்ககத்தின் மதிப்பீடுகளும் சொல்லின. 2017 ஆகஸ்டில் கோர்ப்ஃபெல் என்ற அமைப்பில், 7435/12-1 என்ற கிணறு மிகுந்த எதிர்பார்ப்போடு தோண்டப்பட்டு, வணிகத்துக்கு உதவாத சிறிதளவு எரிவாயுவை மட்டும் கண்டது. மாறாக, 1960களிலிருந்து தேடித் தேடி ஓய்ந்துபோனதாகக் கருதப்பட்ட வடகடலின் நடுப்பகுதியில், 16/2-6 என்ற கிணறு 2010இல் யோஹான் ஸ்வெர்ட்ரூப் வயலைத் திறந்து வைத்தது. 2019 அக்டோபரில் உற்பத்தி தொடங்கியபோது அதன் மதிப்பீடு சுமார் 270 கோடி பீப்பாய். இரண்டு கிணறுகளின் பக்கங்களையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்துக்கொண்டு வாசிப்பதை, கண்டுபிடிக்கப்படாத எண்ணெயை நம்பி வரவு-செலவுத் திட்டம் போடும் எவருக்கும் நான் பரிந்துரைப்பேன்.

குறைகளைச் சொல்லாமல் விடுவது இச்சேவைக்கே நியாயமாகாது. வயல் பக்கங்களில் மீட்கத்தக்க அளவு ஒற்றை எண்ணாகவே வருகிறது; லோஃபோட்டன் மதிப்பீட்டில் காட்டிய எல்லைகள் அங்கே இல்லை. அமெரிக்கக் கடலாற்றல் மேலாண்மைப் பணியகம் கண்டுபிடிக்கப்படாத வளங்களுக்கு கிடைக்க 95 விழுக்காடு வாய்ப்புள்ள அளவு, சராசரி, 5 விழுக்காடு வாய்ப்பே உள்ள அளவு என்று மூன்று எண்களைத் தருவதோடு, எண்ணெய் விலை மாறினால் எடுப்பதற்குக் கட்டுப்படியாகும் அளவு எப்படி மாறும் என்றும் அட்டவணையிடுகிறது. அந்தப் பழக்கம் நார்வேயின் வயல் பக்கங்களுக்கும் வந்தால் பயன் பெரிது. அடுத்து, பக்கத்தில் நிற்பது கடைசியாகத் திருத்தப்பட்ட மதிப்பீடு. பத்து ஆண்டுகளுக்கு முன் இதே வயலைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்றறிய இயக்ககத்தின் ஆண்டுக் கணக்குகளைத் தனியே தேடிப் படிக்க வேண்டும். மதிப்பீடு எப்படி நகர்ந்தது என்பதுதான் மதிப்பிட்டவரின் நம்பகத்தன்மையைக் காட்டும் என்பதால் இது சிறிய குறையன்று. மூன்றாவது, எடுக்கப்படும் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கப்படும்போது வெளியாகும் கரியமில வாயுவுக்கு வயல் பக்கத்தில் இடமில்லை. 2024 ஜனவரியில் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம் பிரைடாப்ளிக், டிர்விங், இக்டிராசில் ஆகிய மூன்று வயல்களின் ஒப்புதல்கள் செல்லாது என்று தீர்ப்பளித்ததற்கு, அந்த வெளியேற்றம் மதிப்பிடப்படாததே காரணமாக இருந்தது. அளவு தெரிந்தால் வெளியேற்றத்தை நாமே பெருக்கிக்கொள்ளலாம் என்றாலும், அரசியலின் மையத்துக்கு வந்துவிட்ட ஓர் எண்ணை வாசகரின் பெருக்கலுக்கு விட்டுவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அலகுகளில் புதியவர்கள் தடுமாறலாம். எண்ணெய் நியமக் கன மீட்டரில் தரப்படுகிறது, 6.29ஆல் பெருக்கினால் பீப்பாய். எரிவாயுவில் 1000 நியமக் கன மீட்டர், எண்ணெயில் ஒரு நியமக் கன மீட்டருக்குச் சமம். இயற்கை வாயுத் திரவம் டன்னில் வரும். ஒரு டன் 1.9 நியமக் கன மீட்டர். இவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

புவியியல் மாணவர்கள், ஆற்றல் கொள்கையைப் பற்றி எழுதும் செய்தியாளர்கள், அரசு அறிவிப்புகளை அப்படியே ஏற்க மனமில்லாத வாசகர்கள் ஆகிய மூவகையினருக்கும் இச்சேவை பயன்படும். முதலீட்டு ஆலோசனை தேடுபவருக்கு இங்கே விடை இல்லை. தொடங்குபவர்கள் தேடுபெட்டியில் நேராகக் குதிக்காமல் பால்டர் வயலைத் திறந்து, அங்கிருந்து 25/11-1 கிணற்றுக்கும், மாதாந்திர உற்பத்தி அட்டவணைக்கும் போய்ப் பார்க்கட்டும். பிறகு எக்கோஃபிஸ்க்கின் உற்பத்தியை இறக்கி ஒரு வரைபடமாகப் போட்டு, 1987க்குப் பின் அந்தக் கோடு எப்படித் திரும்புகிறது என்று கவனிக்கட்டும். அதன்பின் 7435/12-1 கிணற்றின் பக்கத்துக்கு வரலாம். அங்கே தோண்டிய நாட்களும் ஆழமும் பாறை அடுக்குகளும் முழுமையாக இருக்கும். அங்கிருந்து போவதற்கு உற்பத்தி அட்டவணை மட்டும் இருக்காது.